ஹோம் ஸ்வீட் ஹோம் அலோன்: ஆறாவது படம் ஏன் ஒட்டவில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் வந்தாலே யாராவது ஒருவர் "ஹோம் அலோன் வரிசையில் புதுசா ஒண்ணு இருக்காமே, குழந்தைங்களோட பார்க்கலாமா?" என்று கேட்டுவிடுகிறார்கள். பதில் சொல்லப்போனால் பேச்சு நீண்டுவிடுகிறது, அதனால் எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கதையை முடிவு உட்பட சொல்லியிருக்கிறேன். முடிவு தெரியக்கூடாது என்பவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இது பழைய படத்தின் ரீமேக்கா, அடுத்த பாகமா?

அடுத்த பாகம்தான். 1990 நவம்பரில் வந்த ஹோம் அலோனில் தொடங்கிய வரிசையில் இது ஆறாவது. 2021 நவம்பர் 12 அன்று டிஸ்னி பிளஸ்ஸில் நேரடியாக வந்தது, தியேட்டருக்கு வரவில்லை. முதல் படத்தில் வீட்டில் விடுபட்ட பையன் கெவினின் அண்ணன் பஸ் இதிலும் வருகிறார் என்பதால் அதே உலகத்தில் நடக்கும் கதை என்று புரிகிறது. மற்றபடி புதுக் குடும்பம், புதுப் பையன், ஆனால் அதே அமைப்பு: கிறிஸ்துமஸ், வெளிநாட்டுப் பயணம், வீட்டில் விடுபட்ட பையன், உள்ளே நுழையப் பார்க்கும் இரண்டு பேர்.

கதை என்ன?

மேக்ஸ் மெர்சர் என்ற பத்து வயதுப் பையன். கிறிஸ்துமஸுக்குக் குடும்பமே டோக்கியோ கிளம்புகிறது. வீடு நிறைய உறவினர்கள், ஒரே சத்தம், அதனால் அவன் கராஜில் நிற்கும் காருக்குள் போய் உட்கார்ந்து அப்படியே தூங்கிவிடுகிறான். குடும்பம் இரண்டு விமானங்களாகப் பிரிந்து போகிறது, இவன் அந்த விமானத்தில் இருப்பான் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொள்கிறார்கள்.

இன்னொரு பக்கம் ஜெஃப், பாம் என்ற தம்பதி. ஜெஃபுக்கு வேலை போய்விட்டது. வீட்டை விற்க வேண்டிய நிலை, அதைப் பிள்ளைகளிடம் இன்னும் சொல்லவில்லை. வீட்டில் கிடந்த பழைய பொம்மைகளில் ஒன்று, தலை தலைகீழாக அச்சாகிப்போன அசிங்கமான பொம்மை, 2 லட்சம் டாலர் போகும் என்று தெரியவருகிறது. தேடினால் பொம்மையைக் காணோம். அன்றைக்குப் பாத்ரூம் போக வேண்டும் என்று அம்மாவோடு அந்த வீட்டுக்குள் வந்துபோன மேக்ஸ்தான் எடுத்திருப்பான் என்று முடிவு செய்து, அவன் வீட்டுக்குள் நுழைந்து அதை எடுத்துவரக் கிளம்புகிறார்கள். அவர்கள் பொம்மையைப் பற்றிப் பேசுவதைக் கேட்ட மேக்ஸ், தன்னைத்தான் கடத்தி விற்கப் போகிறார்கள் என்று நினைத்துப் பொறிகள் வைக்கிறான். கடைசியில் பொம்மை ஜெஃபின் உறவுக்காரக் குழந்தையிடமே இருந்தது தெரிகிறது, எல்லோரும் சமாதானமாகிறார்கள், அடுத்த கிறிஸ்துமஸை இரண்டு குடும்பமும் சேர்ந்து கொண்டாடுகிறது.

கேட்க நன்றாகத்தானே இருக்கிறது. எங்கே சறுக்கியது?

நீங்கள் இப்போது படித்த கதையிலேயே இருக்கிறது. ஜெஃபும் பாமும் திருடர்களே கிடையாது. தங்கள் பொருளைத் தாங்களே திருப்பி எடுக்கப் போகிறோம் என்று நம்பும் பெற்றோர். அதை எடுக்காவிட்டால் பிள்ளைகளோடு வீட்டை விட்டு வெளியேற வேண்டும். இப்படி ஒரு தம்பதியைப் படத்தின் பாதி நேரம் நமக்கு நெருக்கமாகக் காட்டிவிட்டு, அப்புறம் அவர்களையே அரைமணி நேரம் அடித்து, கீழே தள்ளி, சிரி என்றால் எப்படிச் சிரிப்பது?

ஒவ்வொரு அடி விழும்போதும் எனக்கு இருந்தது சங்கடம்தான். பாவம், இவர்களுக்கு நாளைக்கு ஆஸ்பத்திரிச் செலவு வேறு வருமே என்ற நினைப்பு. ஸ்லாப்ஸ்டிக், அதாவது அடிபட்டு விழுவதை வைத்துச் சிரிக்கவைக்கும் காமெடியில் அந்த நினைப்பு ஒரு நொடி வந்தாலும் போச்சு. அடிபடுகிறவன் அதற்குத் தகுந்தவன் என்று நம் மனசு முன்கூட்டியே ஒத்துக்கொண்டிருக்க வேண்டும்.

முதல் படம் அந்த வேலையை எவ்வளவு ஒழுங்காகச் செய்கிறது பாருங்கள். அதில் வரும் திருடர்கள் ஹாரி, மார்வ் என்ற இரண்டு பேர். ஹாரி முதல் காட்சியிலேயே போலீஸ் உடையில் கெவின் வீட்டுக்குள் வந்து நிற்கிறான், பண்டிகைக்கு யார் யார் ஊருக்குப் போகிறார்கள் என்று வேவு பார்க்க. மார்வ் கொள்ளையடித்த வீட்டில் குழாயைத் திறந்துவிட்டு வெள்ளமாக்கிவிட்டுப் போகிறான், அதுதான் தங்கள் முத்திரை என்று பெருமை வேறு. பண்டிகையைக்கூடப் பார்க்காமல் தெருவில் உள்ள வீடுகளை ஒவ்வொன்றாகக் காலி செய்கிறார்கள். வீட்டில் ஒரு சின்னப் பையன் தனியாக இருக்கிறான் என்று தெரிந்த பிறகும் வருகிறார்கள். இதையெல்லாம் பார்த்த பிறகு மார்வ் முகத்தில் இஸ்திரிப்பெட்டி விழுந்தால் நமக்கு ஒரு நிம்மதிதான் வருகிறது.

முதல் படத்திலும் கடைசியில் அதே அடிதடிதானே? ஏன் அதை மட்டும் தூக்கி வைக்கிறீர்கள்?

அடிதடி முதல் படத்தின் கடைசிக் கால் பங்கில்தான் வருகிறது. நம் ஞாபகத்தில் பெயின்ட் டப்பாவும், தலையில் பிடித்த தீயும், வெறுங்காலில் மிதித்த கிறிஸ்துமஸ் மரத்துக் கண்ணாடி உருண்டைகளும் தங்கிவிட்டதால் படம் முழுக்க அதுதான் என்று தோன்றுகிறது. மறுபடி ஒருதடவை உட்கார்ந்து பாருங்கள், அதற்கு முந்தைய முக்கால் பங்கும் ஒரு எட்டு வயதுப் பையன் தனியாக இருப்பதைப் பற்றியது. முதலில் கொண்டாட்டம், கட்டில் மேல் குதிக்கிறான், ஐஸ்கிரீம் தின்கிறான், அண்ணன் பெட்டியைக் குடைகிறான். அப்புறம் மெல்ல மெல்ல வீட்டின் வெறுமை உறைக்கிறது. கீழ்த்தளத்தில் உள்ள அடுப்புக்குப் பயந்தவன் அதை அதட்டிவிட்டுத் துணி துவைக்கிறான், கடைக்குப் போகிறான்.

அந்தப் படத்தின் உயிர் எதுவென்று கேட்டால் நான் சர்ச் காட்சியைச் சொல்வேன். பக்கத்து வீட்டு மார்லி தாத்தா, குடும்பத்தையே கொன்றவர் என்று பஸ் கதை கட்டிவிட்ட ஆள், கிறிஸ்துமஸ் முந்தின இரவு சர்ச்சில் வந்து கெவின் பக்கத்தில் உட்காருகிறார். பாடிக்கொண்டிருக்கும் குழந்தைகளில் ஒருத்தி அவருடைய பேத்தி. மகனோடு பேச்சுவார்த்தை இல்லை, அதனால் இப்படி ஒத்திகைக்கு வந்து தூரத்தில் இருந்து பார்த்துவிட்டுப் போவார். "நீங்களே கூப்பிட்டுப் பேசுங்களேன்" என்கிறான் பையன். கூப்பிட்டும் மகன் பேசாவிட்டால் என்ன ஆகும் என்று பயம் அவருக்கு. பயம் என்பது சின்னவர்களுக்கு மட்டும் உள்ளது என்று நினைத்துக்கொண்டிருந்த பையனுக்கு, இத்தனை வயதானவருக்கும் பயம் இருக்கிறது என்று தெரியவருகிறது. அதற்கு அப்புறம்தான் அவன் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பொறிகளை வைக்கிறான். அந்த வரிசை முக்கியம்.

இந்த மார்லி பாத்திரம் ஜான் ஹியூஸ் எழுதிய கதையில் இயக்குநர் கிறிஸ் கொலம்பஸ் பிற்பாடு சேர்த்தது. கதையில் கொஞ்சம் கனம் வேண்டும் என்று அவருக்குப் பட்டிருக்கிறது. 2021 படத்தில் மேக்ஸுக்கு அப்படி ஒரு ஆள் கிடையாது. அவன் தனிமையில் யாரிடமும் உட்கார்ந்து பேசுவதில்லை, எதையும் கற்றுக்கொள்வதில்லை. ஒரு பாட்டுக்குள் அவன் கும்மாளத்தை ஓட்டிமுடித்துவிட்டு, படம் மறுபடி ஜெஃப் பாம் பக்கம் போய்விடுகிறது.

குழந்தையை மறந்துவிட்டு வெளிநாடு போவது நம்பும்படி இருக்கிறதா?

இரண்டு விமானம் என்ற யோசனை மோசமில்லை. ஆனால் படம் அதை ஒரு வசனத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது, நம்மைத் தவிக்கவிடவில்லை.

1990 படத்தில் இந்த இடத்தை எழுதியிருக்கும் விதம் திரைக்கதை எழுத வருகிறவர்களுக்குப் பாடமாக வைக்கலாம். முதல்நாள் இரவு பீட்சா சண்டையில் பால் கொட்டி பாஸ்போர்ட், டிக்கெட் எல்லாம் நனைகிறது. அப்பா அவசரமாக நாப்கினால் துடைத்து எடுத்துப் போடும்போது கெவினின் டிக்கெட்டும் அதோடு குப்பைக்குப் போய்விடுகிறது, உற்றுப் பார்த்தால் திரையில் தெரியும். ராத்திரி காற்றில் கரண்ட் போய் அலாரம் கடிகாரம் செத்துவிடுகிறது, எல்லோரும் நேரங்கழித்து எழுகிறார்கள். வேன் பக்கத்தில் வந்து பெட்டிகளைக் குடையும் பக்கத்து வீட்டுப் பையனையும் சேர்த்து எண்ணிவிடுவதால் தலைக்கணக்கு சரியாக வருகிறது. டிக்கெட் ஒன்று குறைகிறது, தலையும் ஒன்று குறைகிறது, அதனால் ஏர்போர்ட்டிலும் இடிக்கவில்லை. டெலிபோன் லைனும் அறுந்து கிடக்கிறது. ஓட்டை ஒவ்வொன்றையும் சிரிப்புக்குள்ளேயே அடைத்துவிட்டார்கள், அடைத்ததே நமக்குத் தெரியவில்லை. அந்த அக்கறைதான் புதுப் படத்தில் இல்லை.

அம்மா பாத்திரம் எப்படி?

மேக்ஸின் அம்மாவாக வரும் ஐஸ்லிங் பீ நல்ல நடிகை, செய்ய வேலை தரவில்லை. டோக்கியோவில் தவிப்பதாகச் சில காட்சிகள், அவ்வளவுதான்.

முதல் படத்தில் கெவினின் அம்மாவாக வந்த கேத்தரின் ஓ'ஹாராவை நினைத்துப் பாருங்கள். விமானத்தில் எதையோ மறந்துவிட்டோம் என்று யோசித்து யோசித்து, சட்டென்று எழுந்து "கெவின்!" என்று அலறுகிறார். பாரிஸ் ஏர்போர்ட்டில் ஒரு வயதான அம்மாவிடம் தன் கம்மல் வரைக்கும் கழற்றிக் கொடுத்து டிக்கெட்டுக்குக் கெஞ்சுகிறார். டல்லஸ் போய், ஸ்க்ராண்டன் போய், அங்கே இருந்து போல்கா நடன இசை வாசிக்கும் ஒரு பாண்டுக்காரர்களின் வேனில் சிகாகோவுக்கு வருகிறார். அந்த வேனில் ஜான் கேண்டி, தன் பிள்ளையைச் சாவுச் சடங்கு நடக்கும் இடத்தில் ஒருநாள் முழுக்க மறந்துவிட்டு வந்த கதையைச் சொல்லி இந்த அம்மாவுக்கு ஆறுதல் சொல்லப் பார்ப்பார். கேண்டி அந்தப் படத்துக்காக நடித்தது ஒரே ஒரு நாள். இன்றைக்கும் அந்த வேன் காட்சி யாருக்கும் மறக்கவில்லை. குழந்தை வீட்டில் செய்யும் சேட்டையும் அம்மா ரோட்டில் படும் பாடும் மாறிமாறி வருவதால்தான் கடைசியில் அவர்கள் கட்டிப்பிடிக்கும்போது நமக்குக் கண்ணில் தண்ணீர் வருகிறது.

மேக்ஸாக நடித்த பையன் எப்படி? எல்லோரும் அவனைத் திட்டுகிறார்களே?

தயவுசெய்து அந்தப் பையனைத் திட்டாதீர்கள். ஆர்ச்சி யேட்ஸ் திறமையான சிறுவன், 2019இல் வந்த ஜோஜோ ராபிட் படத்தில் நண்பனாக வந்து மனதை அள்ளியவன். இந்தப் படத்தில் அவன் அறிமுகமாகும்போதே முன்பின் தெரியாத ஜெஃபிடம் துடுக்காகப் பேசுவதாக எழுதிவிட்டார்கள். கெவினும் துடுக்குத்தான், ஆனால் அவன் வீட்டிலேயே கடைக்குட்டி, எல்லோரும் அவனை மட்டம் தட்டுகிறார்கள், பெரியப்பா ஒருத்தர் ஆள் நிறைந்த சமையலறையில் அவனைக் கேவலமாகத் திட்டுகிறார். அதைப் பார்த்த பிறகு அவன் திருப்பிப் பேசினால் நாம் அவன் கட்சி. எழுத்தில் வராததை ஒரு சின்னப் பையன் நடித்துக் கொண்டுவர முடியாது.

கெவின் வருகிறாரா?

மெக்காலே கல்கின் இல்லை. வருகிறார் என்று வதந்தி கிளம்பியபோது, தான் இதில் இல்லை, நடிப்பவர்களுக்கு வாழ்த்துகள் என்று அவரே சொல்லிவிட்டார்.

பஸ்ஸாக நடித்த டெவின் ராட்ரே வருகிறார், இப்போது போலீஸ்காரர். ஒரு பையன் வீட்டில் தனியாக விடப்பட்டிருக்கிறான் என்று தகவல் வந்ததும், வருஷா வருஷம் தம்பி செய்யும் விளையாட்டு என்று நினைத்து விட்டுவிடுகிறார். கெவின் பெயரில் வீட்டுப் பாதுகாப்பு கம்பெனி ஒன்று இருப்பதாகவும் காட்டுகிறார்கள். பழைய ரசிகர்களுக்கு இந்த இரண்டும் பிடிக்கும், எனக்கும் பிடித்தது. ஆனால் அந்த இரண்டு நிமிஷத்தைப் பார்க்கும்போது, வளர்ந்த கெவினின் கதையை எடுத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்ற ஏக்கம்தான் வருகிறது.

நடுவில் வந்த படங்கள் எப்படி?

இரண்டாவது படம், 1992, நியூயார்க்கில் நடப்பது. அதே கூட்டணி, அதே கதைதான் ஊர் மாறி வருகிறது, ஆனாலும் புறாக்களோடு பூங்காவில் வாழும் பெண்ணாக பிரெண்டா ஃபிரிக்கர் வரும் காட்சிகளுக்காகவும் ஹோட்டலில் விருந்தினர்களைக் கவனிக்கும் கான்சியர்ஜாக டிம் கரி செய்யும் கூத்துக்காகவும் தாராளமாகப் பார்க்கலாம்.

மூன்றாவது, 1997. ஹியூஸ் எழுதியதுதான், முதல் இரண்டு படத்தின் எடிட்டர் ராஜா காஸ்னெல் இயக்கினார். கெவின் குடும்பம் கிடையாது. பொம்மைக் காருக்குள் ஒளித்த சிப்பைத் தேடி நான்கு கடத்தல்காரர்கள் வருகிறார்கள். விமர்சகர் ரோஜர் ஈபர்ட் முந்தைய இரண்டையும்விட இது பிடித்திருக்கிறது என்று எழுதினார். அந்த அளவுக்கு நான் போகமாட்டேன், ஆனால் 2021 படத்தைவிட இது எத்தனையோ மேல், ஏனென்றால் இங்கே கெட்டவர்கள் கெட்டவர்கள்தான். சின்னப் பெண்ணாக ஸ்கார்லெட் ஜொஹான்ஸனும் இருக்கிறார்.

நான்காவது, 2002, டிவிக்காக எடுத்தது. கெவின், மார்வ் பெயரெல்லாம் இருக்கிறது, ஆட்கள் வேறு, போதாததற்குக் கெவினின் அப்பா அம்மா பிரிந்து வாழ்கிறார்கள். முதல் இரண்டு படத்தில் அந்தக் குடும்பம் சேர்வதற்காக அவ்வளவு தவித்துவிட்டு இதைப் பார்ப்பது வலிக்கும். ஐந்தாவது, 2012, அதுவும் டிவி படம். பார்க்காவிட்டால் ஒன்றும் குறையாது.

பிறகு ஏன் 2021இல் மறுபடியும்?

1 கோடியே 80 லட்சம் டாலரில் எடுத்த முதல் படம் உலகம் முழுக்க 47 கோடி டாலருக்கு மேல் வசூல் செய்தது. அந்தப் பெயருக்கு இருக்கும் மதிப்பு அப்படி. முதலில் அதைத் தயாரிக்க இருந்த வார்னர், பட்ஜெட் கூடுகிறது என்று கைவிட, ஃபாக்ஸ் எடுத்துக்கொண்டது. 2019இல் ஃபாக்ஸை டிஸ்னி வாங்கியதும் இந்தப் பெயரும் அவர்களிடம் வந்தது. அந்த வருஷமே புது ஓடிடியையும் தொடங்குகிறார்கள், அதற்குத் தெரிந்த பெயர்கள் வேண்டும், அதனால் இது. கிறிஸ் கொலம்பஸிடம் கேட்டபோது, இதை மறுபடி எடுப்பது வீண் வேலை என்று வெளிப்படையாகவே சொன்னார்.

எழுதியவர்கள், இயக்கியவர் யார்?

எழுதியவர்கள் மைக்கி டே, ஸ்ட்ரீட்டர் சைடெல், இருவரும் சாட்டர்டே நைட் லைவ் என்ற அமெரிக்க டிவி நகைச்சுவை நிகழ்ச்சியின் எழுத்தாளர்கள். இயக்கியவர் டான் மேசர், பெரியவர்களுக்கான காரமான காமெடியில் பெயர் எடுத்தவர். துண்டு துண்டாகப் பார்த்தால் சில வசனங்கள் நன்றாகவே இருக்கின்றன. ஐந்து நிமிஷ நகைச்சுவைக்குப் பழகிய கை என்பது தெரிகிறது.

பாராட்ட ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது. எல்லி கெம்பர், ராப் டெலனி இருவரும் கணவன் மனைவியாக அவ்வளவு இயல்பு. வீட்டை விற்கப்போவதைப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று அவர்கள் திணறும் இடங்களில் ஒரு நல்ல குடும்பப் படம் எட்டிப் பார்க்கிறது. பொறிகளே இல்லாமல், வேலை போன ஒரு அப்பாவின் கிறிஸ்துமஸ் கதையாக மட்டும் இதை எடுத்திருந்தால் நான் முழு மனதோடு சிபாரிசு செய்திருப்பேன். அல்லது மேக்ஸ் பக்கம் முழுசாகச் சாய்ந்து, வருகிறவர்களை நிஜமான அயோக்கியர்களாக எழுதியிருக்க வேண்டும். இரண்டு பேருமே நல்லவர்கள், இரண்டு பேருமே தப்பாகப் புரிந்துகொண்டார்கள் என்று வைத்துவிட்டால், பொறி வைத்த வீட்டுக்குள் நடப்பது வெறும் கொடுமை.

இசையில் ஜான் டெப்னி, ஜான் வில்லியம்ஸின் பழைய மெட்டுகளை எடுத்து ஆண்டிருக்கிறார். அந்த மெட்டு எழும்போது உடம்பு சிலிர்க்கும், நிமிர்ந்து உட்காருவோம். திரையில் அதற்கு ஈடாக எதுவும் நடக்காது.

சின்ன வயதில் பார்த்த படம் என்ற பாசத்தில் புதுசை மட்டம் தட்டுகிறீர்களோ?

பாசம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் மேலே சொன்ன குறை எதுவும் பாசத்தில் இருந்து வரவில்லை. பழைய படத்தையே பார்க்காத ஒரு குழந்தையிடம் இதைப் போட்டுக் காட்டிவிட்டு "இதுல கெட்டவங்க யாரு?" என்று கேளுங்கள், அது முழிக்கும்.

சரி, குழந்தைகளோடு எதைப் பார்க்கலாம்?

முதல் இரண்டும் போதும். ஆறேழு வயதுக்குக் கீழே என்றால் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், மார்லி தாத்தா மண்வெட்டியோடு வரும் ஆரம்பக் காட்சிகளில் சில பிள்ளைகள் பயந்துவிடும். கெவின் போட்டுப் பார்க்கும் கறுப்பு வெள்ளை கேங்ஸ்டர் படத்தில் துப்பாக்கிச் சத்தமும் கொஞ்சம் கரடுமுரடான பேச்சும் உண்டு. அது நிஜப் படம் இல்லை, இதற்காகவே எடுத்தது, பெரிய பிள்ளைகளிடம் சொன்னால் ஆச்சரியப்படுவார்கள். கதவுக் கைப்பிடியைச் சூடாக்குவது, மாடிப்படியில் எதையாவது தொங்கவிடுவது போன்றவற்றைச் செய்து பார்க்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அதற்கு மேலும் வேண்டும் என்று அடம்பிடித்தால் மூன்றாவதைப் போடுங்கள். ஆறாவதைப் பார்த்தே ஆவேன் என்றால் 93 நிமிஷம்தான், பார்த்துவிடலாம், ஆனால் முதல் படத்தைப் பார்த்த அதே வாரத்தில் மட்டும் வேண்டாம்.